அத்தியாயம் 6: பிராசசருக்குப் படியளக்கும் ரேம்

புதுக் கம்ப்யூட்டர் வாங்க முடிவெடுத்தவர்கள் பிராசசருக்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ரைசன் 5 போதுமா, 7 வேண்டுமா, இன்டெல்லில் ஐ5 எடுத்தால் என்ன என்று வீட்டில் பட்டிமன்றமே நடக்கும். ரேம் என்று வந்ததும் பேச்சு ஒரே வரியில் முடிந்துவிடும்: "16 ஜிபி போடுங்க." அந்த 16 ஜிபி ஒரே ஸ்டிக்காக வருகிறதா, எட்டும் எட்டுமாக வருகிறதா, எந்த ஸ்லாட்டில் உட்காருகிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கடைக்காரரும் கையில் இருப்பதை மாட்டிக் கொடுப்பார். விண்டோஸ் ஏறிவிட்டால் அவர் வேலை முடிந்தது. பிராசசருக்காகக் கொடுத்த காசில் ஒரு பகுதி இங்கேதான் வீணாகிறது. கூடுதலாக ஒரு ரூபாய் செலவழிக்காமலே அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம் என்பதால் இந்த அத்தியாயம் சற்று நீளம்.

பிராசசர் ஏன் காத்திருக்கிறது

4.5 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 450 கோடி துடிப்பு. தனக்குள்ளேயே இருக்கும் எல்1 கேஷிலிருந்து ஒரு தகவலை எடுக்க அதற்கு நாலைந்து துடிப்பு போதும். எல்2 கேஷுக்குப் பன்னிரண்டு, பதினான்கு. எல்3 கேஷுக்கு நாற்பது, ஐம்பது. அங்கேயும் இல்லையென்றால் ரேமுக்குத்தான் போக வேண்டும்; போய்வர 70, 80 நானோசெகண்ட் ஆகும். கேட்கக் கொஞ்சமாகத் தெரிகிறது. ஆனால் 70 நானோசெகண்ட் என்பது இந்தப் பிராசசரின் கணக்கில் 315 துடிப்பு. கொத்தனார் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், சித்தாள் கல் கொண்டுவரும் வேகத்துக்கு மேல் சுவர் எழாது.

இந்தக் காத்திருப்பை மறைக்கத்தான் பிராசசர் செய்பவர்கள் இத்தனை பாடுபடுகிறார்கள். அடுத்து என்ன தேவைப்படும் என்று ஊகித்து முன்கூட்டியே எடுத்து வைப்பது, ஒரு தகவல் வரும்வரை வேறு கட்டளைகளைச் செய்துகொண்டிருப்பது, கேஷைப் பெரிதாக்குவது எல்லாம் இதற்காகவே. ஏஎம்டி 2022 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி இதற்கு நல்ல சாட்சி. பழைய 5800எக்ஸில் இருந்த அதே எட்டு கோர்கள்தான். உச்ச வேகத்தைக்கூட 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைத்திருந்தார்கள். எல்3 கேஷை மட்டும் 32 எம்பியிலிருந்து 96 எம்பியாக்கினார்கள். வேகம் குறைந்த இந்தப் பிராசசர் பல கேம்களில் தன் அண்ணனைத் தாண்டி ஓடியது. கோர்கள் அதுவரை எவ்வளவு நேரம் சும்மா நின்றிருக்கின்றன என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

ஆகவே ரேமைச் சரியாக அமைப்பதால் கிடைக்கும் பலன் எல்லா வேலைக்கும் ஒன்றாக இருக்காது. கேஷுக்குள் அடங்கிவிடும் வேலைக்கு ரேம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. சினிபெஞ்ச் போன்ற ரெண்டரிங் சோதனைகள் இந்த ரகம். ரேமை மாற்றிவிட்டு சினிபெஞ்ச் மதிப்பெண்ணைப் பார்த்து "ஒன்றும் மாறவில்லையே" என்று சொல்பவர்கள் தவறான தராசில் நிறுக்கிறார்கள். டைப்பிங், டேலி, பிரவுசர் வேலைகளிலும் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. 7-ஜிப்பில் பெரிய கோப்புகளைச் சுருக்குவது, 1080பி-யில் அதிக பிரேம் வேகத்தில் கேம் ஆடுவது, பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பியிருப்பது, கணினியிலேயே ஏஐ மாடல் ஓட்டுவது ஆகியவைதான் ரேமின் குணத்தைக் காட்டிக்கொடுக்கும் வேலைகள்.

முதலில் அளவு

எத்தனை ஜிபி என்பதை முடிக்காமல் வேகத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. ரேம் நிரம்பிவிட்டால் விண்டோஸ் மிச்சத்தை எஸ்எஸ்டியில் கொண்டுபோய் வைக்கும். நல்ல எஸ்எஸ்டிகூடப் பதில் சொல்ல ஐம்பது, நூறு மைக்ரோசெகண்ட் எடுக்கும். ரேமோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு தாமதம். இந்தக் குழியில் விழுந்த கம்ப்யூட்டரை எந்த வேகமான ஸ்டிக்கும் தூக்கிவிடாது. நீங்கள் வழக்கமாகத் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைப் பாருங்கள். எண்பது சதவீதத்தைத் தாண்டினால் முதலில் அளவைக் கூட்டுங்கள். இன்று புதிதாக வாங்கும் டெஸ்க்டாப்புக்கு 16 ஜிபி என்பது தொடக்கப் புள்ளி. கேம், வீடியோ எடிட்டிங் என்றால் 32.

ஒன்றா, இரண்டா

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள்.

சாதாரண டெஸ்க்டாப் பிராசசர்கள் எல்லாவற்றிலும் ரேமுக்கு இரண்டு பாதைகள் உண்டு. இவற்றைச் சேனல் என்கிறார்கள். ஒவ்வொன்றும் 64 பிட் அகலம். டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று விநாடிக்கு 320 கோடி முறை, ஒவ்வொரு முறையும் 8 பைட் அனுப்பும், பெருக்கினால் 25.6 ஜிபி. இரண்டு ஸ்டிக்கை இரண்டு சேனலில் போட்டால் 51.2 ஜிபி. 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக மாட்டினால் இரண்டு பாதையில் ஒன்று பூட்டியே கிடக்கும். அளவு அதே 16 ஜிபி, விலையிலும் பெரிய வித்தியாசமில்லை, ஆனால் போக்குவரத்து பாதி.

"பின்னால் இன்னொன்று போட்டுக்கலாம் சார், ஸ்லாட் மிச்சம் இருக்கட்டும்" என்பது கடையில் அடிக்கடி கேட்கும் யோசனை. அந்தப் பின்னால் பெரும்பாலும் வருவதே இல்லை. வந்தாலும், இரண்டு வருடம் கழித்து அதே மாடல் ஸ்டிக் கிடைப்பது அரிது. அதே பெயரில் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் சிப் சாம்சங்கிலிருந்து ஹைனிக்ஸுக்கோ மைக்ரானுக்கோ மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட ஜோடி ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் கிட் வாங்குவதுதான் உத்தமம்.

அடி எங்கே பலமாக விழும்? ரைசன் 5 5600ஜி போல, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசரின் உள் கிராபிக்ஸையே நம்பும் அமைப்பில். அங்கே படம் வரையும் பகுதிக்குத் தனி மெமரி கிடையாது. கோர்களோடு சேர்ந்து அதே ரேமில்தான் பங்கு கேட்கும். ஒரே ஸ்டிக் போட்டால் கேம்களில் பிரேம் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறையும், சிலவற்றில் அதற்கும் மேல். பட்ஜெட் போதாமல் 5600ஜி வாங்குகிறவருக்கே கடைக்காரர் ஒற்றை ஸ்டிக்கையும் போட்டுக் கொடுப்பது, எனக்குத் தெரிந்து, இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான சிக்கனம்.

ஏஐ மாடல் ஓட்டுபவர்களுக்குக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. 800 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4 பிட்டாகச் சுருக்கினால் சுமார் 5 ஜிபி இருக்கும். ஒவ்வொரு டோக்கனை எழுதும்போதும் அந்த 5 ஜிபி முழுவதையும் ஒருமுறை ரேமிலிருந்து படித்தாக வேண்டும். டிடிஆர்4-3200 ஜோடியின் 51.2 ஜிபியை 5-ஆல் வகுத்தால் விநாடிக்குப் பத்து டோக்கன், அதுதான் உச்சவரம்பு. ஒற்றை ஸ்டிக்கில் ஐந்து. இந்த வேலையில் ஆறு கோரா பதினாறு கோரா என்ற கேள்வியெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

ஸ்லாட் விஷயம். நான்கு ஸ்லாட் உள்ள மதர்போர்டில் இரண்டு ஸ்டிக்கைப் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் இரண்டும் ஒரே சேனலில் போய் உட்காரும். பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் மாட்டுங்கள். பெரும்பாலான போர்டுகளில் அவைதான் ஏ2, பி2 என்று குறிக்கப்பட்டிருக்கும். மேனுவலில் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒன்றாவது, மூன்றாவது ஸ்லாட்டிலும் டூயல் சேனல் கிடைக்கும். ஆனால் பெரும்பாலான போர்டுகளில் மின்பாதை கடைசியில் போய் முடிவது இரண்டிலும் நான்கிலும்தான். வேகத்தைக் கூட்டும்போது அங்கேதான் சிக்னல் சுத்தமாக இருக்கும்.

ஏற்கெனவே 8 ஜிபி இருக்கிறது, 16 ஜிபி ஸ்டிக் ஒன்றைச் சேர்க்கலாமா என்றால், தாராளமாக. முதல் 16 ஜிபி, அதாவது எட்டுக்கு எட்டு, இரண்டு சேனலிலும் ஓடும். மிச்ச 8 மட்டும் ஒற்றைப் பாதையில். முழு ஜோடி அளவுக்கு இல்லாவிட்டாலும் ஒற்றை ஸ்டிக்கைவிட எவ்வளவோ மேல்.

டிடிஆர்5-இல் ஒரு பொறி இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஸ்டிக்குமே 32 பிட்டாக இரண்டு உட்சேனல்களாகப் பிரிந்திருக்கும். இதை வைத்து "டிடிஆர்5-னா ஒண்ணு போட்டாலே டூயல் சேனல்தான்" என்று விற்கிறார்கள். இரண்டு 32 சேர்ந்தால் அதே பழைய 64 பிட்தான்; அகலம் ஒரு அங்குலம்கூடக் கூடவில்லை. சிபியு-இசட் மென்பொருளின் மெமரி பக்கத்தில் ஒரு ஸ்டிக்குக்கு இரண்டு 32 பிட் என்றும், ஜோடிக்கு நான்கு 32 பிட் என்றும் காட்டும். நான்கு வந்தால்தான் உங்களுக்கு வேண்டியது கிடைத்திருக்கிறது.

டிடிஆர்5-இல் 8 ஜிபி ஸ்டிக்கைத் தவிர்ப்பதும் நல்லது. அதில் வழக்கமாக நான்கே சிப்புகள் இருக்கும். 16 ஜிபி ஸ்டிக்கில் எட்டு. அந்த நான்கு சிப் வகையில் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய பேங்க் குழுக்கள் பாதிதான் என்பதால், பெட்டியில் போட்டிருக்கும் வேகம் ஒன்றானாலும் ஓட்டத்தில் பின்தங்கும். டிடிஆர்5-க்குப் போகிறீர்கள் என்றால் 16-ம் 16-மாகப் போங்கள்.

பெட்டியில் 6000, ஓடுவது 4800

வேகமான ரேம் வாங்கி மாட்டியவர்களில் நிறையப் பேர் அதன் வேகத்தைப் பார்த்ததே இல்லை. மதர்போர்டு எந்த ஸ்டிக்கையும் முதலில் பொதுத் தர வேகத்தில்தான் எழுப்பும். டிடிஆர்5 என்றால் பெரும்பாலும் 4800, டிடிஆர்4 என்றால் 2133, 2400 அல்லது 2666. பெட்டியில் அச்சிட்ட வேகம், ஸ்டிக்கிலேயே பதிந்து வைத்த ஒரு கூடுதல் அமைப்பு. அதைப் பயாஸில் நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். இன்டெல் இதற்கு எக்ஸ்எம்பி என்று பெயர் வைத்து 2007-இல், டிடிஆர்3 காலத்திலேயே கொண்டுவந்தது. ஏஎம்டி தன் எக்ஸ்போவை 2022-இல் ரைசன் 7000 வரிசையோடு தந்தது. சில போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். மூன்றும் ஒரே காரியம்தான்.

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டிப் பயாஸுக்குள் போங்கள். முதல் பக்கத்திலேயே இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கும். அதை எனேபிள் செய்து, சேமித்து வெளியே வாருங்கள். அவ்வளவுதான். பிறகு டாஸ்க் மேனேஜரில் மெமரிக்கு நேரே வேகத்தைப் பாருங்கள். சிபியு-இசட்டில் பார்த்தால் 3200 ஸ்டிக்குக்கு 1600 என்று காட்டும், பயப்பட வேண்டாம். கடிகாரம் ஓடுவது 1600 மெகாஹெர்ட்ஸில்தான், ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால் 3200 என்கிறார்கள்.

இன்டெல் பக்கம் மதர்போர்டையும் கவனிக்க வேண்டும். பி460 போர்டில் வேகமான ஸ்டிக் போட்டும் பயனில்லை. பிராசசருக்கு அதிகாரபூர்வமாகச் சொன்ன வேகத்தோடு நின்றுவிடும். 2021-இல் வந்த பி560-இலிருந்து அந்தப் பூட்டைத் திறந்துவிட்டார்கள். எச்610 போன்ற அடிமட்ட போர்டுகளில் இன்னும் பூட்டு உண்டு. அங்கே விலை கூடிய ரேமுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

ரைசன் 7000 வரிசை வைத்திருப்பவர்கள் எக்ஸ்போவைப் போடுமுன் பயாஸைப் புதுப்பித்துவிடுங்கள். 2023-இல் சில போர்டுகள் எக்ஸ்போ போட்டதும் பிராசசரின் எஸ்ஓசி பகுதிக்கு அளவுக்கு மீறி வோல்டேஜ் ஏற்றி, பிராசசர்கள் கருகிய சம்பவங்கள் நடந்தன. அதன்பிறகு ஏஎம்டி அந்த வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்துப் புதுப் பயாஸ்களை வெளியிடச் செய்தது.

சிஎல் எண்ணைப் படிப்பது

ஸ்டிக்கரில் 16-18-18-38 என்பது போல எண்கள் இருக்கும். வாங்கும்போது முதல் எண் போதும்; அதுதான் சிஎல். கேட்டதற்கும் கிடைப்பதற்கும் இடையே எத்தனை துடிப்பு என்று சொல்கிறது. ஆனால் துடிப்பின் நீளம் வேகத்துக்கு வேகம் மாறும் என்பதால் சிஎல்லைத் தனியாக வைத்து ஒப்பிடக் கூடாது. சிஎல்லை 2000-ஆல் பெருக்கி, வேகத்தால் வகுத்தால் நானோசெகண்ட் வரும்.

டிடிஆர்4-3200 சிஎல்16 என்றால் 10 நானோசெகண்ட். அதே 3200 சிஎல்22 என்றால் 13.75, மலிவு ஸ்டிக்குகளில் பெரும்பாலும் இதுதான் வரும். டிடிஆர்5-6000 சிஎல்30, மறுபடியும் 10. டிடிஆர்5-4800 சிஎல்40 என்றால் 16.67. 2021 நவம்பரில் இன்டெல்லின் 12-ஆம் தலைமுறையோடு டிடிஆர்5 டெஸ்க்டாப்புக்கு வந்தபோது நல்ல டிடிஆர்4 வைத்திருந்தவர்கள் ஏன் அசரவில்லை என்பதற்கு இந்தக் கடைசி எண்ணே பதில். பாதை அகலமானது, ஆனால் முதல் தகவல் வந்து சேர இன்னும் நேரமானது.

ரைசனில் 6000-க்கு மேல் ஏன் போக வேண்டாம்

ரேம் கடிகாரம் தனியாக ஓடுவதில்லை. ரைசனில் அதோடு இன்னும் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன: பிராசசருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு ஒன்று, கோர்களையும் கன்ட்ரோலரையும் இணைக்கும் இன்பினிட்டி ஃபேப்ரிக்குக்கு ஒன்று. 2019-இல் வந்த ரைசன் 3000-இலும் அடுத்த 5000-இலும் மூன்றும் ஒரே தாளத்தில் ஓடினால்தான் தாமதம் குறையும். சாதாரணமாக அது 1800 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும், ஆகவே டிடிஆர்4-3600. அதைத் தாண்டினால் பல போர்டுகள் சத்தமில்லாமல் கன்ட்ரோலரைப் பாதி வேகத்துக்கு இறக்கிவிடும். 4000 ஸ்டிக் வாங்கியவர் 3600 வாங்கியவரைவிடப் பின்னால் நிற்பது இப்படித்தான்.

ரைசன் 7000-இல் ஃபேப்ரிக் தனியாக 2000 மெகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும். ரேமும் கன்ட்ரோலரும் 3000-இல் ஒன்றாக ஓடினால் போதும்; அதுதான் 6000. ஏஎம்டியே 2022-இல் இந்த எண்ணைத்தான் சுட்டிக்காட்டியது. 7200 போட்டால் கன்ட்ரோலர் பாதிக்கு இறங்கும், ஆதாயம் கரைந்துவிடும்.

அதோடு, விளம்பரத்தில் வராத ஒரு கணக்கும் உண்டு. ஆறு, எட்டு கோர் ரைசன்களில் கோர்கள் எல்லாம் ஒரே சில்லில் இருக்கும். அந்தச் சில்லுக்கு ஃபேப்ரிக் வழியாக ஒரு துடிப்புக்கு 32 பைட்தான் வந்து சேரும். 2000 மெகாஹெர்ட்ஸில் அது 64 ஜிபி. டிடிஆர்5-6000 ஜோடி 96 ஜிபி தரத் தயாராக இருந்தாலும் கோர்கள் குடிக்க முடிவது 64 மட்டுமே. மேலே சொன்ன ஏஐ கணக்கையும் இந்தப் பிராசசர்களில் 64-ஐ வைத்தே போட வேண்டும். ஆகவே இவற்றில் 6000 சிஎல்36-லிருந்து சிஎல்30-க்குப் போவது, 6000-லிருந்து 6800-க்குப் போவதைவிட உருப்படியான செலவு. 7800எக்ஸ்3டி போலப் பெரிய கேஷ் உள்ளவற்றில் அதுகூட அவசியமில்லை. 5600 கிட் மலிவாகக் கிடைத்தால் வாங்கிவிட்டு, மிச்சத்தைக் கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள்.

இன்டெல்லில் இதே விஷயத்தை கியர் என்பார்கள். கியர் 1-இல் கன்ட்ரோலரும் ரேமும் சமவேகம், கியர் 2-இல் கன்ட்ரோலர் பாதி. டிடிஆர்4 என்றால் கியர் 1 ஓடும் எல்லைக்குள், அதாவது 3600 வாக்கில், நின்றுகொள்ளுங்கள். 12 முதல் 14 வரையிலான தலைமுறைகளில் டிடிஆர்5 எப்படியும் கியர் 2-இல்தான் ஓடுகிறது. சரிவு ஏற்கெனவே நடந்துவிட்டதால் அங்கே 6400, 6800 என்று ஏறுவதில் ரைசனைவிடக் கொஞ்சம் அர்த்தம் உண்டு.

ரைசனில் தாளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஜென்டைமிங்ஸ் என்ற சிறிய இலவச மென்பொருள் இருக்கிறது. ரேம், கன்ட்ரோலர் இரண்டுக்கும் (3000, 5000 வரிசைகளில் ஃபேப்ரிக்குக்கும்) நேரே ஒரே எண் இருந்தால் சரி.

நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால் அழகுதான்

ஆனால் டிடிஆர்5-இல் அந்த அழகுக்கு விலை உண்டு. ரைசன் 7000-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் இரண்டு ஸ்டிக்கில் 5200, நான்கில் 3600. அதற்கு மேல் ஓடுவது போர்டும் அதிர்ஷ்டமும் பொறுத்தது. 64 ஜிபி வேண்டுமென்றால் நான்கு 16 வாங்காமல் இரண்டு 32 வாங்குங்கள். டிடிஆர்4-இல் நிலைமை இவ்வளவு கறாராக இல்லை. 3200-இல் நான்கு ஸ்டிக் நிம்மதியாக ஓடுவது சகஜம். ஒரு சேனலில் இரண்டு ரேங்க், அதாவது சேர்ந்து இயங்கும் இரண்டு சிப் குழுக்கள், இருந்தால் ஒன்று ஓய்வெடுக்கும்போது மற்றது வேலை செய்யும் என்பதால் ரைசன் 5000-இல் சில சதவீதம் லாபம்கூடக் கிடைக்கும்.

மாற்றிய பிறகு

ரைசன் 7000 உட்காரும் ஏஎம்5 போர்டில் புது ரேம் மாட்டியதும் முதல் முறை திரை கறுப்பாகவே சில நிமிடம் நிற்கலாம். போர்டு ரேமோடு ஒத்திகை பார்க்கும் நேரம் அது. பதறிப்போய் பவரை அணைத்துவிடாதீர்கள். காபி குடித்துவிட்டு வந்தும் படம் வரவில்லையென்றால், பவர் கேபிளைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் சிமாஸ் ஜம்பரின் இரு முனைகளையும் இணைத்தோ, காசு வடிவ பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டியோ பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் இந்தத் தாமதம் வந்தால் பயாஸைப் புதுப்பித்துப் பாருங்கள்.

விண்டோஸ் ஏறிவிட்டது என்பதற்காக ரேம் சரியாக ஓடுகிறது என்று எண்ணிவிடக் கூடாது. எக்ஸ்எம்பியோ எக்ஸ்போவோ போட்ட அன்றே மெம்டெஸ்ட்86-ஐ ஒரு பென்டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அது பிழைதான்; இன்றைக்கு ஒன்றும் ஆகாது, என்றைக்கோ ஒரு நாள் கணக்குக் கோப்பு திறக்காமல் போகும். வேகத்தை ஒரு படி குறைத்து, 6000-ஐ 5600 ஆக்கி, மீண்டும் சோதியுங்கள். பொதுத் தர வேகத்திலேயே பிழை வந்தால் ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாக, ஒரே ஸ்லாட்டில் மாட்டிச் சோதியுங்கள். பழுதானது எது என்று தெரிந்துவிடும். ரேமுக்குப் பல கம்பெனிகள் ஆயுள்கால வாரன்டி தருகின்றன. ஜோடியாக வாங்கிய கிட் என்றால் பழுதான ஒன்றை மட்டும் கொடுக்காமல் இரண்டையும் பில்லோடு சேர்த்துக் கொடுத்து, ஜோடியாகவே மாற்றித் தரச் சொல்லுங்கள்.